வைப்பும் இழப்பும்: கொச்சி மணல்நாக்கின் கடலரிப்பும் காத்தலின் அறமும்

முன்னுரை

கொச்சித் துறைமுக வாயிலின் தென்கரையில் கோட்டைக்கொச்சியும், அதனையடுத்துக் காயலை நோக்கி மட்டாஞ்சேரியும் அமைந்துள்ளன. அங்கிருந்து தெற்கே சௌதி, மானாசேரி, கண்ணமாலி, செல்லானம் என மீனவர் ஊர்களைத் தாங்கிய ஒடுங்கிய நிலம் ஒன்று ஆலப்புழைப் பக்கமாக நீண்டு செல்கிறது. இதன் மேற்கே அரபிக்கடல். கிழக்கே வேம்பநாட்டுக் காயலும் அதன் கிளைகளும். கடலுக்கும் காயலுக்கும் இடையே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் இத்தகைய நிலத்தை மணல்நாக்கு எனலாம். ஆறுகள் கொண்டுவந்த மணலை அலைகள் கரையோரமாக நகர்த்திச் சேர்த்ததனால் உருவான நிலம் இது. நடந்தே கடந்துவிடத்தக்க அகலமுடைய இந்நிலத்தின் கடற்கரை இன்று பல இடங்களில் அரிப்புக்கு உள்ளாகித் தேய்ந்து வருகிறது.

இந்நிலத்தைக் காக்க வேண்டும் என்று கூறுவது எளிது. எதனை, யாருக்காக, யாருடைய செலவில் காப்பது என்னும் வினாக்கள் எழும்போதே சிக்கல் தோன்றுகிறது. ஓர் ஊரைக் காக்கக் கட்டிய சுவர் அடுத்த ஊரின் கரையைக் கரைக்குமாயின் அச்செயலைக் காத்தல் என்று கூறலாமா? கடல் கொண்டுபோகும் நிலத்திற்கு எவரேனும் பொறுப்பாவரா? இவ்விரு வினாக்களையும் கொச்சி மணல்நாக்கின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் துணைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என்று வகுத்துள்ளது. நிலத்தைத் தனியே நிறுத்திப் பொழுதைப் பின்னர்ச் சேர்க்கும் முறை அதில் இல்லை. இரண்டும் சேர்ந்தே ஒரு திணைக்கு அடிப்படையாகின்றன. உரையாசிரியர்கள் இப்பகுப்பைப் பாடற்பொருளுக்குரிய இலக்கணமாகவே விளக்கிச் சென்றனர். ஆயினும் நெய்தல் நிலத்தின் இயல்பை உணர்வதற்கும் இது பெரிதும் துணைபுரிகிறது. மலையையும் வயலையும் பொழுதைக் கருதாது எல்லை வரைந்து காட்டிவிடலாம். கடற்கரை மணலை அவ்வாறு காட்ட இயலாது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உயர்ந்தெழும் அலைகள் கரை மணலைப் பெயர்த்துச் சென்று சற்று ஆழமான பகுதியில் திட்டாகச் சேர்க்கின்றன. பருவம் ஓய்ந்தபின் தணிந்த அலைகள் அம்மணலில் பெரும்பகுதியை மீண்டும் கரையேற்றுகின்றன. இதனோடு கரையோரமாகவும் மணல் நகர்கிறது. கேரளக் கடற்கரையில் இந்நகர்வு மழைப்பருவத்தில் பெரும்பாலும் தெற்கு நோக்கியும், பிற மாதங்களில் பெரும்பாலும் வடக்கு நோக்கியும் அமைகிறது. ஆகவே ஆடி மாதத்துக் கரையும் தை மாதத்துக் கரையும் ஒன்றல்ல. போக்கும் வரவும் ஈடாக உள்ளவரை கரை நிலைபெற்றிருப்பதாகத் தோன்றுகிறது. வரவு குறையின் கரை தேய்கிறது.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. மணல்நாக்கு என்பது ஓரிடத்தில் கிடக்கும் பொருளன்று; இடையறாது நிகழும் கொடுக்கல் வாங்கலின் வடிவம். அதனைக் காத்தல் என்பது மணலை ஓரிடத்தில் கட்டி நிறுத்துதல் ஆகாது. மணலின் வரவை அறாது பேணுதலே ஆகும். பொழுதை நீக்கி நிலத்தை மட்டும் காக்க முற்படும்போது நிலமும் இழக்கப்படுகிறது.

வைப்பாகிய நிலம்

கொச்சித் துறைமுகத்தின் தோற்றமே மணலின் இடப்பெயர்ச்சியோடு தொடர்புடையது. சங்க இலக்கியம் போற்றும் முசிறி, பெரியாற்றின் கழிமுகத்தை ஒட்டி விளங்கிய துறைமுகம். அகநானூறு இவ்வாற்றைச் சுள்ளி என்னும் பெயராற் சுட்டுகிறது. 1341 ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்ப் பகுதியின் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சியின் வாயிலை அகலத் திறந்தது என்பது மரபாகக் கூறப்படும் வரலாறு. துறைமுக வாயிலுக்கு வடக்கே உள்ள வைப்பின் தீவு அவ்வெள்ளத்தில் படிந்த மண்ணால் உருவாயிற்று என்றும் கூறுவர். இந்நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் கொண்டு புதுவைப்பு ஆண்டு என்னும் கணக்கு வழங்கியமையும், அத்தீவின் தென்பகுதி இன்றும் புதுவைப்பு என்னும் பெயர் கொண்டிருப்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன.

வைப்பு என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தமிழில் இச்சொல் வைக்கப்பட்டது, சேமிப்பு, இடம் எனப் பல பொருள்களைத் தருகிறது. ஒருவர் தம் பொருளை மற்றொருவரிடம் வைத்துச் செல்வதும் வைப்பே. அவ்வாறு பெற்றவர் அதன் காவலர் ஆவாரேயன்றி உரிமையாளர் ஆகார். ஆறும் கடலும் சேர்ந்து வைத்த மணல்மேல் வாழ்வோர் அம்மணலின் காவலர் என்ற கருத்தை இவ்வூர்ப் பெயர் எண்ணத் தூண்டுகிறது. வைத்ததைத் தனக்கென முடக்கிக் கொள்ளுதலும், அதன் வரவை அடைத்து விடுதலும் காவலுக்குப் பொருந்தாச் செயல்கள்.

முசிறியின் வீழ்ச்சிக்கும் கொச்சியின் எழுச்சிக்கும் எவரையும் குற்றங்கூற இயலாது. வெள்ளம் ஓரிடத்தில் எடுத்ததை மற்றோரிடத்தில் வைத்தது. அவ்வாறு வைக்கப்பட்ட வாய்ப்பின்மீதே 1555 இல் போர்த்துக்கீசியர் கட்டிய மட்டாஞ்சேரி அரண்மனையும், 1568 இல் எழுந்த யூதர் வழிபாட்டிடமும், மிளகு வணிகத் தெருக்களும் தோன்றின. டச்சுக்காரர் காலத்தில் வந்ததாகக் கூறப்படும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் கோட்டைக்கொச்சியின் வேளிப் பகுதியில் இன்றும் தம் தொழிலை நடத்தி வருகின்றன. பல மொழியினரும் பல சமயத்தினரும் வாழ்ந்த இந்நகருக்குக் கடற்புறம் அரணாக நின்றது இம்மணலே. மனிதர் கை மணலின் வழியில் நுழைந்த பின்னரே அறவினா எழுகிறது.

துறைமுகமும் மணலின் வழியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கொச்சி வாயிலின் குறுக்கே கடலடி மணல்திட்டு ஒன்று கிடந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர இயலாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. 1920 இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ இத்திட்டை அகழ்ந்து ஆழமான வாயிலை அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டார். திட்டு நீக்கப்பட்டால் வைப்பின் கரை அரிப்புக்கு உள்ளாகும் என்னும் அச்சம் அன்றே எழுந்தது. அதனைத் தடுக்கக் கற்களாலான தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. 1928 இல் பத்மா என்னும் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணைக் காயலில் கொட்டி உருவாக்கப்பட்டதே வில்லிங்டன் தீவு. கொச்சி 1936 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

பொறியியல் நோக்கில் இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. அதன் மறுபக்கமும் கருதத்தக்கது. ஆழமாக அகழ்ந்த வாயில் கரையோரமாக நகர்ந்து வரும் மணலுக்குப் பள்ளமாக அமைகிறது. தென்கரைக்கும் வடகரைக்கும் இடையே மணல் கடந்து செல்வது குறைகிறது. பள்ளத்தில் விழுந்த மண் ஆண்டுதோறும் தூர்வாரப்பட்டுக் கடலின் ஆழத்தில் கொட்டப்படுகிறது. வல்லார்பாடம் பன்னாட்டுச் சரக்குப்பெட்டக முனையம் 2011 இல் இயங்கத் தொடங்கியபோது பெருங்கலங்களுக்கென வாயில் மேலும் ஆழப்படுத்தப்பட்டது. வாயிலுக்கு வடக்கே புதுவைப்புப் பகுதியில் கரை வளர்ந்தும், தெற்கே கோட்டைக்கொச்சிக் கடற்கரை சுருங்கியும் காணப்படுதல் கண்கூடு.

இத்தகைய நிகழ்ச்சி தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுந்தபின், வடக்கு நோக்கிச் சென்ற மணல் துறைமுகத்தின் தெற்கே தங்கி மெரினா கடற்கரையை அகலமாக்கிற்று. அதே மணலை எதிர்பார்த்திருந்த இராயபுரம் முதலிய வடபகுதிக் கரைகள் அரிப்புக்கு உள்ளாயின. புதுச்சேரியில் 1989 இல் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டபின் நகரக் கடற்கரையில் மணல் மறைந்தது. நகரைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் ஊர்களை அடைந்தது. நகர மக்கள் உலவி மகிழும் கடற்கரையும் மீனவர் வீடிழந்த கரையும் ஒரே கணக்கின் வரவும் செலவும் எனலாம்.

செல்லானமும் கண்ணமாலியும்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கடந்தபோது செல்லானம் பகுதியில் கடல்நீர் வீடுகளுக்குள் புகுந்தது. பழைய கற்சுவர் பல இடங்களில் சரிந்திருந்தது. பாதுகாப்பு வேண்டி 2019 அக்டோபரில் மக்கள் தொடர் உண்ணாநோன்புப் போராட்டம் தொடங்கினர். 2021 மே மாதத்தில் டவ்-தே புயலின்போது மீண்டும் பேரழிவு நேர்ந்தது. அதன்பின் கேரள அரசு ஏறத்தாழ 344 கோடி ரூபாய் மதிப்பில், செல்லானத்திலிருந்து வடக்கே புத்தன்தோடு வரை ஏறத்தாழ 7.3 கிலோமீட்டர் தொலைவுக்கு, டெட்ராபாட் எனப்படும் நான்குகால் கான்கிரீட் கட்டைகளால் கடற்சுவர் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது. 2022 இல் பணி தொடங்கிற்று. சுவர் எழுந்த பகுதியில் மழைக்காலத்து அச்சம் பெரிதும் நீங்கியது. பல ஆண்டுகளாக ஆனி, ஆடி மாதங்களில் பள்ளிக்கூட முகாம்களில் உறங்கிய குடும்பங்கள் தம் வீட்டிலேயே உறங்கின. இப்பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

சுவர் முடியும் இடத்திற்கு வடக்கே கண்ணமாலி முதலிய ஊர்களில் கடல் தொடர்ந்து புகுந்தது. அவ்வூர் மக்கள் தங்களுக்கும் அத்தகைய சுவர் வேண்டும் எனச் சாலையில் அமர்ந்து போராடினர். கண்ணமாலி முன்னரும் அரிப்புக்கு உள்ளான ஊரே. ஆகவே புதிய சுவரே முழுக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் வன்சுவரின் முனையில் அலையின் விசை குவிந்து அடுத்த கரையைத் தாக்குதல் உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. சுவரை நீட்டினால் முனை நகரும். முனை நகர்ந்தால் அரிப்பும் நகரும்.

இங்கு ஓர் அறச்சிக்கல் தெளிவாகிறது. செல்லானத்து மீனவர் தம் பிள்ளைகளைக் காக்கச் சுவர் கேட்டது குற்றமாகாது. உயிர்க்கு இடர் நேரும்போது கையில் கிடைத்ததைப் பற்றுதல் உயிரின் இயல்பு. கண்ணமாலியார் தமக்கு வந்த தீங்கைச் சுட்டியதும் குற்றமாகாது. இருவரும் குற்றமற்றவராயினும் ஒருவர் காப்பு மற்றவர்க்கு இடராகும் நிலை தோன்றியுள்ளது. இந்நிலையை அவ்விரு ஊர்களுக்கிடையேயான வழக்காகக் காணுதல் பிழை. இரண்டு ஊர்களுக்கும் வரவேண்டிய மணலின் வழியில் மாற்றம் செய்தவர்களும், அம்மாற்றத்தால் பயன்பெற்றவர்களும் வழக்கில் இடம்பெறாதிருத்தலே உண்மையான குறை.

பொறுப்பின் எல்லை

கடல் சீறுவது இயற்கை. அதற்கு யாரைக் கேட்பது என்பது பொதுவாகக் கூறப்படும் மறுப்பு. இம்மறுப்பில் ஒரு பகுதி உண்மை உண்டு. புயலையும் கடல்மட்ட உயர்வையும் தனியொரு நிறுவனத்தின் செயலாகக் கூற இயலாது. எனினும் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தை ஆராய்ந்து, கேரளக் கடற்கரையில் ஏறத்தாழ 46 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானதெனக் கணித்துள்ளது. கரை முழுவதும் ஒரே அளவில் தேயவில்லை. சில இடங்களில் வளர்ந்தும் உள்ளது. ஒரே கடல், ஒரே பருவம். ஆயின் இழப்பு மட்டும் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டில் மனிதச் செயலுக்குப் பங்குண்டு.

அப்பங்கு கரையோடு நின்றுவிடுவதில்லை. கடற்கரைக்கு மணல் தருவது ஆறு. அணைகள் நீரோடு மணலையும் தேக்குகின்றன. பெரியாற்றில் 1976 இல் இடுக்கி நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கிற்று. ஆற்றுமணல் அள்ளுதல் கட்டிட வேலைக்காகப் பெருகியமையால் கேரள அரசு 2001 இல் அதனை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1895 இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை அவ்வாற்று நீரின் ஒரு பகுதியை மலைக்குக் கிழக்கே திருப்பி வைகைப் படுகையின் வயல்களுக்குத் தருகிறது. மதுரைப் பகுதியின் நெல்லும் மட்டாஞ்சேரியின் மணலும் ஒரே ஆற்றோடு உறவுடையவை என்னும் உண்மை பலரும் எண்ணிப் பாராதது. இதனால் வயலில் உழுபவர் குற்றவாளி ஆகிவிடார். பயன் பெறுதல் வேறு, பழி வேறு. ஆயினும் பயன்பெற்றவர் இழந்தவரை அறியாதிருத்தல் அறமாகாது. திருக்குறள் ஒப்புரவறிதல் எனத் தனி அதிகாரம் வகுத்ததன் நோக்கம் இத்தகைய உறவுகளுக்கும் பொருந்தும். கொடுத்தலுக்கு முன் அறிதல் வேண்டும் என்பதனை அத்தலைப்பே உணர்த்துகிறது.

பெயர்தலும் நிற்றலும்

தேயும் கரையைக் காப்பதைவிட மக்களை உள்நாட்டிற்குப் பெயர்த்தலே அறிவுடைமை என்பது மற்றொரு வாதம். கேரள அரசு 2019-20 இல் அறிவித்த புனர்கேகம் திட்டம் இவ்வழியைச் சார்ந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் 18,685 குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. பெயர விரும்பும் குடும்பத்திற்கு நிலத்திற்கும் வீட்டிற்குமாக 10 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஆண்டுதோறும் அஞ்சி வாழ்வதைவிட விலகிச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு இது நற்றுணையே.

ஆயினும் இவ்வாதத்தில் இரு குறைகள் உள்ளன. மீனவருக்குக் கரை வெறும் குடியிருப்பு இடமன்று. வள்ளம் ஏற்றவும், வலை உலர்த்தவும், கடலின் நிறமும் காற்றின் போக்கும் கண்டு புறப்படவும் கரை வேண்டும். கரையினின்று நீங்கினால் தொழிலும் மெல்ல நீங்கும். மக்கள் பெயர்ந்த கடற்கரையில் பின்னர் விடுதிகளும் நிறுவனங்களும் வந்தமரின், பெயர்த்தலின் நோக்கமே ஐயத்திற்கு உரியதாகும். இது முதற்குறை. மணல்நாக்கில் மீனவர் மட்டும் வாழ்வதில்லை என்பது இரண்டாவது. கடலுக்கும் காயலுக்கும் இடையே நிற்கும் இவ்வரண் உடையுமாயின் உவர்நீர் காயற்புறத்துப் பொக்காளி வயல்களையும், தாழ்ந்த தீவுகளையும், மட்டாஞ்சேரியின் தெருக்களையும் அடையும். முன்வரிசையில் நிற்பவர் தமக்காக மட்டும் அங்கு நிற்கவில்லை. பின்னால் உள்ளோர்க்கும் அரணாக நிற்கின்றனர். அவர்களை இடையூறாகக் கருதி அகற்றுதற்கும், அவர்கள் விருப்பத்தைக் கேட்டுத் துணைசெய்தற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

கடைமடை அறம்

இச்சிக்கலுக்குத் தீர்வு காணத் தமிழர் நீர்ப்பங்கீட்டு மரபு வழிகாட்டும். ஏரிப் பாசனத்தில் தலைமடை வயலுக்கு நீர் முதலில் வந்து சேரும். அவ்வயலுக்கு உரியவர் நீர் முழுவதையும் அடைத்துக் கொள்ள இயலும்; ஆயின் அவருக்கு அவ்வுரிமை இல்லை. கடைமடை வயலுக்கும் நீர் சேர வேண்டும் என்பதனை ஊர் காத்தது. மேலேரி நிரம்பிக் கீழேரிக்கு நீர் வழிய வேண்டும் என்பதும் அதே அறம். வெள்ளக் காலத்தில் தன் வரப்பை மட்டும் உயர்த்தி நீரை அடுத்தவர் வயலில் தள்ளியவரை ஊர் தட்டிக் கேட்டது. இவ்வறத்தில் நீர் எவருக்கும் தனியுடைமையன்று; கடந்து செல்வதே அதன் இயல்பு.

கடற்கரை மணலுக்கும் இதனைப் பொருத்திக் காணலாம். மணலுக்கும் தலைமடையும் கடைமடையும் உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது: பருவந்தோறும் மணலின் திசை மாறுவதால், ஒரு பருவத்தில் தலைமடையாக இருந்த ஊர் மறுபருவத்தில் கடைமடையாகிறது. இம்மாற்றம் அறத்தைத் தளர்த்துவதன்று. ஒவ்வோர் ஊரும் மற்றோர் ஊரின் இடத்தில் தன்னை வைத்து எண்ணுதற்கு அதுவே வழிவகுக்கிறது.

இவ்வறத்தை ஏற்கின் சில நெறிகள் பெறப்படும். கோட்டைக்கொச்சி முதல் செல்லானம் வரையும் அதற்குத் தெற்கேயும் உள்ள கரையை ஒரே அலகாகக் கருதித் திட்டமிடுதல் வேண்டும்; ஊர்தோறும் தனித்தனிச் சுவர் என்பது வரப்பை உயர்த்தும் செயலாகவே முடியும். துறைமுக வாயிலில் அகழப்படும் மண்ணில் கரைக்கு ஏற்ற மணலைப் பிரித்துத் தேயும் கரைக்குத் திருப்பித் தருதல் வேண்டும். அம்மண்ணில் சேறும் களியும் மிகுதி. ஆகவே முழுவதும் கரைக்குப் பயன்படாது என்பது உண்மை. பயன்படும் பகுதியையேனும் ஆழ்கடலில் எறியாதிருத்தல் கடமையாகும். புதுச்சேரியில் 2018 ஆம் ஆண்டு வாக்கில் கடலடியில் அமைக்கப்பட்ட செயற்கைப் பாறைத் திட்டும் மணல் நிரப்புதலும் நகரக் கடற்கரையில் மணலை ஓரளவு மீட்டன. கரையைக் கல்லால் மூடுவது ஒன்றே வழியன்று என்பதற்கு இது சான்று. இறுதியாக, காக்கும் செலவைக் கரையூர்களுக்கான இரக்கச் செலவாகக் கருதாது, துறைமுகமும் நகரும் பெறும் பயனுக்குரிய ஈடாகக் கருதுதல் வேண்டும்.

இந்நெறிகள் நிறைவேறும்வரை சுவரின்றி நிற்குமாறு எவரையும் கூற இயலாது. கண்ணமாலியில் வாழும் குடும்பத்திடம் அடுத்த ஊருக்குத் தீங்கு வரும், ஆகவே நீ நனைந்திரு என்று கூறும் உரிமை பாதுகாப்பான இடத்தில் வாழ்வோர்க்கு இல்லை. சுவர் தேவைப்படும் இடத்தில் அது எழட்டும். அதன் முனையில் உள்ள ஊருக்கு நேரும் இழப்பையும் அத்திட்டத்தின் செலவிலேயே சேர்த்து எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணாத கணக்கு குறைக்கணக்கு.

நிறைவுரை

கொச்சி மணல்நாக்கு ஆறும் கடலும் வைத்த வைப்பு. அதன் இருப்பு மணலின் வரவைச் சார்ந்தது. நிலமும் பொழுதும் பிரியாது நிற்கும் நெய்தலின் இயல்பு இதுவே. வெள்ளம் முசிறியிலிருந்து எடுத்துக் கொச்சிக்கு வைத்தபோது அறவினா எழவில்லை. மனிதர் மணலின் வழியை மாற்றிப் பயன்கொண்ட பின்னர் எழுந்தது. அவ்வினாவைச் செல்லானத்திற்கும் கண்ணமாலிக்கும் இடையே விட்டுவிட்டு மற்றையோர் விலகி நிற்றல் நேர்மையாகாது. துறைமுகம், நகர், மலைமேல் அணை, அணைநீர் பாயும் தொலைநிலம் ஆகிய அனைத்தும் இம்மணலோடு உறவுடையவை. தன் கரை நிலைத்தால் போதும் என்பது காத்தலாகாது. கடைமடைக் கரைக்கும் மணல் சென்று சேர்கிறதா என்று கேட்பதே காத்தலின் அறம் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.